புகார் சொன்ன பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படி நடத்துகிறது? கடலூர், பாண்டி பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளியும், மற்ற பெற்றோரும், ஊரும் அந்தப் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள், எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றிய கேள்விகள் இவை. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். புகார் கொடுத்த மறுநாள் காலை வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூரிலும் பாண்டியிலும் இப்படிப்பட்ட குடும்பங்களோடு காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு (பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அரசுக் குழு) என்று துணைக்குப் போய் வருவதுண்டு. அங்கே காத்திருக்கும் நேரத்தில் காதில் விழுந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

"அந்த சார் அப்படிப்பட்டவர் இல்லை" என்று பள்ளியில் எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

அப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களிடம் அவர் அப்படி நடந்துகொண்டதில்லை, அவ்வளவுதான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்க வைப்பவர், ஆண்டு விழா என்றால் இரவு பத்து மணி வரை நிற்பவர், ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். "ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமாகும், நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று கெட்ட பெயர் எடுத்த ஒருவர் சொன்னால் எந்த அம்மா சரி என்பாள்? பிள்ளையைத் தனியாகச் சந்திக்கும் வாய்ப்பு நல்ல பெயர் உள்ளவருக்குத்தான் கிடைக்கிறது.

பெற்றோராக நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, "சொன்னது நல்லதாப் போச்சு, இனி நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னால் போதும். உண்மையா இல்லையா என்று துருவ காவல் துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மார்க் குறைந்தாலே வீட்டில் என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். இதைச் சொன்னால் என்ன நடக்குமோ என்று பயந்துதான் நாளைத் தள்ளிப் போட்டிருக்கும்.

முதலில் ஹெச்.எம்.மிடம் சொல்ல வேண்டுமா, நேராகப் போலீசுக்குப் போகலாமா?

நேராகப் போகலாம். பள்ளியின் அனுமதி எதுவும் தேவையில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எல்லாருக்கும் பொருந்தும், ஆண் பிள்ளைகள் உட்பட. பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பவரோ ஊழியரோ பாலியல் வன்முறை செய்தால் அதைத் தீவிரக் குற்றம் என்று தனியாகப் பிரித்து, தண்டனையையும் கூட்டி வைத்திருக்கிறது அந்தச் சட்டம்.

ஹெச்.எம்.மிடம் சொன்னால் அவருக்கும் ஒரு கடமை வந்து சேர்கிறது. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, கூடவே அபராதம். 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில் ஆசிரியர் மட்டும் கைதாகவில்லை. தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். இப்படி ஒரு பிரிவு இருப்பதே அதன் பிறகுதான் பல நிர்வாகிகளுக்கு உறைத்தது என்பது என் எண்ணம்.

"முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?

வேண்டாம். துறை நடவடிக்கைக்கு அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ளட்டும். அது முடிந்த பிறகுதான் போலீஸ் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பிள்ளையிடம் யார் யார் விசாரிக்கலாம்?

பள்ளிகள் பெரிய சேதம் செய்வது இங்கேதான். பல நேரம் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கிளாஸ் மிஸ் கேட்பார். அப்புறம் அசிஸ்டென்ட் ஹெச்.எம். அப்புறம் ஹெச்.எம். அறையில் கூட்டம்: கரஸ்பாண்டன்ட், இரண்டு சீனியர் ஆசிரியர்கள், பி.டி.ஏ.விலிருந்து ஒருவர். எல்லாரும் நாற்காலியில் இருக்க, பிள்ளை மட்டும் மேசைக்கு முன்னால் நிற்கும். "பயப்படாம சொல்லும்மா" என்பார்கள். சொல்லி முடித்ததும், "இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்பார்கள். எழுதியதில் கிழமை மாறியிருந்தால், "காலையில வேற மாதிரி சொன்னியே" என்பார்கள். அந்த ஆசிரியரையே வரவழைத்து, "அவர் முன்னாடி சொல்லு பாப்போம்" என்று கேட்ட இடங்களும் உண்டு.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரே விஷயத்தை ஐந்து பேரிடம் சொன்னால் ஐந்து விதமாகத்தான் வரும். நமக்கே அப்படித்தான் வரும். பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பது அந்த வித்தியாசங்களைத்தான்.

சட்டம் எவ்வளவு நிதானமாகக் கேட்கச் சொல்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் வீட்டில் அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில் கேட்க வேண்டும். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி கேட்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்புகிற ஒருவரோ கூட இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் பிள்ளைக்கு முன்னால் வரக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. போலீசுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஹெச்.எம். அறையில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கு என்ன நியாயம்?

பிள்ளை யாரை நம்பிச் சொன்னதோ அவர் ஒருவர் கேட்டால் போதும். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளையை எழுதித் தரச் சொல்லத் தேவையே இல்லை.

மறுநாள் பள்ளிக்கு அனுப்பலாமா? வகுப்பில் எப்படி இருக்கும்?

அனுப்பலாமா என்று பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் மறுநாளே போக வேண்டும் என்று அடம் பிடிக்கும், வீட்டில் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தாங்காமல். சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆகும். இரண்டும் சரிதான்.

வகுப்பில் எப்படி இருக்கும் என்றால், பெரும்பாலும் யாரும் திட்ட மாட்டார்கள், சண்டைக்கு வர மாட்டார்கள். ஒன்பதாவது படித்த ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: "மூணு பேர் பெஞ்சு சார். நான் போய் உக்காந்தேன். பக்கத்துல இருக்கிறவ ஒண்ணும் சொல்லல. கீழ இருந்த பையை எடுத்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சா." அன்றைக்கு மதியம் சாப்பாட்டு வட்டத்தில் இவளுக்கு இடம் இல்லை. இடம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இவள் டப்பாவைத் திறப்பதற்குள் எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள். ரெகார்டு நோட்டு கேட்டால், "வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்." வேனில் பக்கத்து சீட் காலி.

அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் முந்தின நாள் ராத்திரி ஒரு அம்மா, "அவகூடச் சேராத, நாளைக்கு உன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த அம்மாவும் பயத்தில்தான் சொல்கிறாள். ஆனால் இருபது வீட்டில் இருபது அம்மாக்கள் சொன்னதன் மொத்தம், அந்தப் பெஞ்சின் நடுவில் வந்து உட்கார்ந்த பை.

கோபம் கிளம்புகிற இடம் ஒன்று உண்டு. பப்ளிக் எக்ஸாம் வரும் நேரம், பிசிக்ஸ் சார் சஸ்பெண்டு ஆகிவிட்டார், மூன்று வாரமாகப் பாடம் நடக்கவில்லை. அப்போதுதான் வகுப்பு வாய் திறந்து சொல்லும்: "உன்னாலதான்." இதைப் பள்ளி நினைத்தால் எளிதாகத் தடுத்துவிடலாம். அந்தப் பாடத்துக்கு உடனே, அதே வாரத்தில், நன்றாக நடத்தக்கூடிய ஒருவரைப் போட வேண்டும். கவுன்சலிங்குக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் பிசிக்ஸுக்கு ஆள் தேடுங்கள் என்று நான் நிர்வாகிகளிடம் சொல்வதுண்டு. கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பாடம் நின்றுபோன வகுப்பில் எந்தக் கவுன்சலிங்கும் எடுபடாது.

கிளாஸ் டீச்சர் வகுப்பிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தைப் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள். யார் பெயரையும் எடுக்காமல் நாலு வரி சொன்னால் போதும்: "ஒரு விஷயத்தை போலீஸ் விசாரிக்கிறாங்க. அதைப் பத்தி கிளாஸ்லயோ வேன்லயோ பேசக் கூடாது. யார்கிட்ட எது நடந்தாலும் என்கிட்ட வந்து சொல்லலாம், சொன்னா நான் திட்ட மாட்டேன். நாளைலேருந்து புது சார் பாடம் எடுக்கறார், நோட்டைக் கொண்டு வாங்க." பிறகு அந்தப் பிள்ளையிடம் தனியாக, "உனக்குப் பக்கத்துல யாரு உக்காந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டு, வகுப்பு முழுக்க இடம் மாற்றுகிற சாக்கில் அவர்களை அங்கே உட்கார வைக்கலாம். "பாவம்" என்று தனியாகக் கவனிப்பதும் வேண்டாம். ஹோம்வொர்க் செய்யாவிட்டால் மற்றவர்களைக் கேட்பது போலவே கேட்கலாம், அது பிள்ளைக்குத் தெம்பு.

"வேற ஸ்கூல் பாத்துக்குங்க, நல்ல கண்டக்ட் போட்டு டி.சி. தர்றோம்" என்கிறார்களே?

நல்ல கண்டக்ட் என்பது அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே உரியது. அவர்கள் தருவதற்கு அதில் எதுவும் இல்லை. இடம் மாற வேண்டியவர் புகாருக்கு உள்ளானவர்தான், பிள்ளை இல்லை. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேலே படிக்கும் பிள்ளையாக இருந்தால், "டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்று கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், பாண்டியில் அண்ணா நகரில் உள்ள பள்ளிக் கல்வி இயக்ககத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையே, "எனக்கு இந்த ஸ்கூல் வேணாம்ப்பா" என்று சொன்னால் அது வேறு. அப்போது டி.சி.யை உடனே தர வேண்டும். திடீரென்று பழைய ஃபீஸ் பாக்கியைத் தேடி எடுப்பார்கள். பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தக் கூடாது, டி.சி.யில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. பாண்டியும் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

பிள்ளையின் பெயரை எழுதாவிட்டால் தப்பில்லை என்று நினைக்கிறார்கள். "எட்டாவது பி செக்ஷன், செம்மண்டலத்திலிருந்து வர்ற பொண்ணு, அப்பா கல்ஃப்ல இருக்கார்" என்று எழுதினால் பெயர் எதற்கு? கடலூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. பத்திரிகைகளுக்குச் சொன்னது என்று ஒதுக்கிவிட முடியாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டி யார் வெளியிட்டாலும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும் இருக்கிறது.

குழுவில் யாராவது ஒருவர், "இதை இங்கே பேச வேண்டாம், அட்மின் அழிச்சிடுங்க" என்று ஒரே வரி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த முதல் ஆளாக இருக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. சம்பந்தப்பட்ட அம்மா அந்தக் குழுவிலேயே இருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பாள் என்பதும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அடையாளம் காட்டும் பதிவுகளை அழிப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.

புகார் சொன்னது பையன் என்றால்?

கேலிதான் முதலில் வரும். "நீ ஆம்பளதானே, தள்ளி விட்டுட்டு வர வேண்டியதுதானே" என்று பி.டி. மாஸ்டரே கேட்டதைக் காதால் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள, தனக்கு மார்க் போடுகிற ஒருவரை எப்படித் தள்ளுவான்? சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஊர் அப்படி நடப்பதில்லை. பையன்களின் வீட்டில் அப்பாக்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள், மானம் போய்விடும் என்று. அம்மாவோ தாய்மாமாவோ கிளம்பினால்தான் வழக்கு வருகிறது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பையன்களைப் பள்ளி முதல் நாளே கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் அந்தப் பெயர் பிளஸ் டூ வரை ஒட்டிக்கொள்ளும்.

பொய்ப் புகாராக இருந்தால் ஒரு ஆசிரியரின் வாழ்க்கையே போய்விடாதா?

ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பயம் நியாயம்தான். அதற்காகத்தான் விசாரணை, குற்றப்பத்திரிகை, குறுக்கு விசாரணை எல்லாம் இருக்கின்றன. சஸ்பென்ஷன் என்பது தண்டனை இல்லை. விசாரணை நடக்கும் காலத்தில் இரண்டு பேரும் ஒரே வராண்டாவில் நடக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் அவருக்குத் தண்டனை உண்டு. பிள்ளை தவறான தகவல் சொன்னதாகவே இருந்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று போக்சோவின் 22-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "பொய் சொன்னா உன்னைத்தான் ஜெயில்ல போடுவாங்க" என்று பிள்ளையை மிரட்டுகிறவர்கள் சட்டத்தில் இல்லாததைச் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். புகாருக்கு உள்ளான ஆசிரியருக்கு வக்கீல் இருப்பார், சங்கம் இருக்கும், இருபது வருடத்துப் பழக்கம் இருக்கும். அவருக்காகப் பேச ஆள் இல்லாமல் போவதில்லை.

சக ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தும் ஏன் பேசுவதில்லை?

பல நேரம் ஜாடைமாடையாகத் தெரிந்திருக்கும். "அவர் பீரியடுல லேப்புக்குப் பொண்ணுங்களைத் தனியா அனுப்பாதீங்க" என்று மிஸ்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். எழுத்தில் வராது. தனியார் பள்ளியில் வேலை போய்விடும் என்ற பயம், அரசுப் பள்ளியில் சங்கத்துக்காரர்களோடு பகை வரும் என்ற பயம். பெண் ஆசிரியர் பேசினால் அவரைப் பற்றியே கதை கட்டுவார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று போக்சோவின் 19-ஆம் பிரிவிலேயே பாதுகாப்பு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பள்ளி விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. ஜாடைமாடையாகத் தெரிந்தவர்கள் அந்த வரியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வீடு கடலூர் பக்கம், பள்ளி பாண்டியில். எங்கே புகார் கொடுப்பது?

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி இது. ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வந்தால் வேறு அரசு, வேறு போலீஸ், வேறு கல்வித் துறை. ரெட்டிச்சாவடி பிள்ளை கிருமாம்பாக்கத்தில் படிக்கும், பாகூர் பிள்ளை கடலூரில் படிக்கும். "இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்க" என்று இரண்டு பக்கமும் அலைய விடுவார்கள்.

அலையத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதைத்தான். பதிந்துவிட்டு அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் மருத்துவமனை. எஃப்.ஐ.ஆர். கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

எந்த எண்ணில் கூப்பிடுவது? செலவாகுமா?

1098 குழந்தைகளுக்கான உதவி எண், இரண்டு பக்கமும் வேலை செய்யும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 14417 உண்டு. பிள்ளையோ நீங்களோ மனதளவில் உடைந்துபோனால் 14416. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100. எல்லாம் இலவசம். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை பிள்ளையோடு கூட வர ஓர் ஆதரவு நபரை அந்தக் குழுவிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் கிடைப்பதில்லை.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள்.

நம் கரையோர ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்னும் வலுவாக இருக்கிறது. வலைத் தகராறு முதல் கோயில் திருவிழா வரை அதன் பேச்சுக்கு மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் இது அதன் எல்லைக்கு வெளியே. ராஜஸ்தானில் மாணவி ஒருவரிடம் ஆசிரியர் தவறாக நடந்துகொண்ட வழக்கில், பிள்ளையின் அப்பாவும் ஆசிரியரும் சமரசம் ஆகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. இத்தகைய குற்றம் இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள தனிப்பட்ட விவகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இது முடிந்துவிடாது.

பேசி முடிக்கும் இடத்தில் யாரும் பிள்ளையைக் கேட்பதில்லை என்பது இன்னொன்று. திண்ணையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, பிள்ளை உள்ளே டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சார் ஜாமீனில் வந்துவிட்டார். "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்கிறார்கள்.

ஜாமீன் என்றால் விடுதலை இல்லை, வழக்கு நடக்கிறது. இதை உங்கள் பிள்ளையிடம் அன்றைக்கே, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அவரோ அவர் ஆட்களோ வீட்டுப் பக்கம் வந்தால், போன் செய்தால், தேதி போட்டு எழுதி வைத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அது பயன்படும். பேருந்து நிலையத்தில் நின்று அவருக்கு மாலை போட்டு வரவேற்கும் பழைய மாணவர்களைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

பள்ளி முன்னால் போராட்டம் நடத்தினால் பிள்ளைக்கு நல்லதா?

பள்ளி மறைக்கிறது என்றால் சாலைக்கு வருவது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் கண்ணாடியை உடைத்த மறுநாள் பேச்சு எல்லாம் கண்ணாடியைப் பற்றி ஆகிவிடும். கூட்டத்தில் பிள்ளையின் அம்மாவை முன்னால் நிறுத்தி மைக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அம்மாவின் முகம் தெரிந்தால் பிள்ளையின் முகம் தெரிந்த மாதிரிதான்.

கோர்ட்டுக்குப் பிள்ளை எத்தனை முறை போக வேண்டியிருக்கும்?

திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்பது சட்டம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். வக்கீல்கள் கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை பார்க்காதபடி திரை அல்லது வீடியோ ஏற்பாடு இருக்க வேண்டும். முடிந்தவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கோர்ட் நாளில் போட்ட ஆப்சென்ட்டை வைத்து அட்டெண்டன்ஸ் குறைவு என்று பள்ளி நோட்டீஸ் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். சம்மன் நகலை முன்கூட்டியே பள்ளியில் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படித்து முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் யாராவது கேட்பார்களா?

2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற ஒரு பள்ளியின் முன்னாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் எழுதியதிலிருந்துதான் ஓர் ஆசிரியர் கைதானார். மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. பிள்ளைப் பருவத்தில் நடந்ததைப் பெரியவரான பிறகும் சொல்லலாம். போக்சோ வருவதற்கு முன்னால், அதாவது 2012 நவம்பர் 14-க்கு முன்னால் நடந்திருந்தால் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி பார்ப்பார்கள். இதற்கு ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளி விழா ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். அந்த சாருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று யாராவது எழுதுவார்கள். அப்போதுதான் ஒருத்தி, "அவர் வந்தா நான் வரல" என்று எழுதுவாள். எழுதினால் அடுத்த பத்து நிமிடம் குழுவில் யாரும் எதுவும் போட மாட்டார்கள், பிறகு யாரோ மண்டப வாடகையைப் பற்றிக் கேட்பார்கள். நீங்கள் அந்தக் குழுவில் இருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். காரணம் கேட்க வேண்டாம். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கப் போகிறேன் என்றால் கூடப் போங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அந்த ஆள் இன்னும் எங்காவது டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறாரா என்பதை மட்டும் இரண்டு பேருமாக விசாரித்துவிடுங்கள். எடுக்கிறார் என்று தெரிந்தால் 1098-ஐக் கூப்பிடலாம், அதற்கு அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.